பழுது தீராத புதிய கார்: உத்தரவாதம் எதற்கு உத்தரவாதம்?

புதிய கார் வாங்கிய முதல் மாதத்திலேயே என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. மென்பொருளைப் புதுப்பித்துவிட்டோம் என்று சொல்லி மறுநாளே பணிமனையில் வண்டியைத் திருப்பித் தருகிறார்கள். பத்து நாள்களில் அதே விளக்கு மீண்டும் எரிகிறது. இம்முறை ஒரு சென்சார் மாற்றப்படுகிறது. அடுத்த முறை ஒயரிங். அதற்கு அடுத்த முறை, நிறுவனத்தின் நிபுணர் வந்து பார்ப்பார் என்ற பதில். ஆறாவது முறையாகப் பணிமனை வாசலில் நிற்கும் உரிமையாளர், வேறு வண்டி கொடுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். 'வாரண்டியில் அதற்கு இடமில்லை' என்கிறது நிர்வாகம்.

இந்தப் பதில் பாதிதான் உண்மை. உத்தரவாதப் பத்திரத்தில் அதற்கு இடமில்லை என்பது சரி. ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாததால்தான் பலர் மாதக்கணக்கில் பணிமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் பாதி விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு கார்தான். அதுவும் பெரும்பாலும் ஐந்து, ஏழு ஆண்டுக் கடனில் வாங்கப்படுவது. வண்டி பணிமனையில் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை.

முதலில் உத்தரவாதம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். விற்பனைக் கூடத்தில் 'மூன்று ஆண்டு, ஒரு லட்சம் கிலோமீட்டர்' என்று கேட்கும்போது, அத்தனை காலமும் வண்டி நன்றாக ஓடும் என்று உறுதி தரப்பட்டதாகவே வாங்குபவர் புரிந்துகொள்கிறார். உரிமையாளர் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் இருப்பது வேறு. பொருளிலோ வேலைப்பாட்டிலோ குறை இருப்பதாக நிறுவனம் ஒப்புக்கொள்ளும் பாகத்தை இலவசமாகப் பழுதுபார்ப்போம் அல்லது மாற்றித் தருவோம். எங்கள் பொறுப்பு அத்துடன் முடிகிறது. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் வாசகமும் இதுதான். நல்ல வண்டி தருவதாக அதில் வாக்குறுதி இல்லை. பழுதான வண்டியைப் பழுதுபார்ப்பதாக மட்டுமே வாக்குறுதி இருக்கிறது. எத்தனை முறை பழுதுபார்க்கலாம், எத்தனை நாள் பணிமனையில் வைத்திருக்கலாம் என்பதற்கு எல்லையே இல்லை.

இந்த எல்லையைத்தான் பல நாடுகள் சட்டமாக வகுத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1982-இல் கனெக்டிகட் மாநிலம் முதன்முதலாக இத்தகைய சட்டத்தை இயற்றியது. ஒரே பழுதுக்காக நான்கு முறை முயன்றும் தீரவில்லை என்றாலோ, பழுதுபார்ப்புக்காக வண்டி மொத்தம் 30 நாள்கள் முடங்கினாலோ, நியாயமான வாய்ப்பை நிறுவனம் பயன்படுத்தி முடித்துவிட்டது என்று சட்டமே கொள்ளும். அதற்கு மேல் வண்டியை மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பின்னர் எல்லா அமெரிக்க மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. ஏமாற்றும் சரக்கை எலுமிச்சை என்று குறிப்பிடுவது அந்நாட்டுப் பேச்சு வழக்கு. அதனால் இதற்கு 'லெமன் சட்டம்' என்று பெயர் வந்தது. நம் ஊரிலோ புதுக் காரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்துத்தான் வண்டியையே நகர்த்துகிறோம்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டம் வேறொரு வழியில் செல்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்தது என்று கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். கார் உற்பத்தியில் உலக அளவில் முன்னணியில் இருக்கும் தென் கொரியாவும் 2019-இல் இதற்கென விதிகளைக் கொண்டுவந்துவிட்டது.

இந்தியாவில் இத்தகைய தனிச் சட்டம் இல்லை. நம்மிடம் இருப்பது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. எல்லாப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் பொதுவான சட்டம் அது. தரத்திலோ அளவிலோ செயல்திறனிலோ இருக்க வேண்டிய நிலையிலிருந்து குறைவுபடும் எதுவும் அதன்படி 'குறைபாடு'. குறை நிரூபணமானால், அதை நீக்கவும், குறையற்ற புதிய பொருளைத் தரவும், விலையை வட்டியுடன் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் உத்தரவிட 39-ஆவது பிரிவு ஆணையங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஆக, 'வேறு வண்டி அல்லது பணம்' என்ற கோரிக்கை சட்டப் புத்தகத்தில் இருக்கும் நிவாரணம்தான்.

சிக்கல் 'நிரூபணமானால்' என்ற சொல்லில் இருக்கிறது. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை கார் நிறுவனங்களின் வழக்குரைஞர்கள் இன்றும் முதலில் எடுத்து வைக்கிறார்கள். உத்தரவாதத்தின்படி நிறுவனத்தின் கடமை குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான். அதற்காக முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று கூறி, வண்டியை மாற்றித் தரும்படி இடப்பட்டிருந்த உத்தரவை நீதிமன்றம் நீக்கியது. கிளட்ச் தொடர்பான குறை அது. ஒரு பாகத்தின் குறை வேறு, வண்டியின் பிறவிக் குறை வேறு என்ற கோடு அப்போது அழுத்தமாக விழுந்தது. அதன் பிறகு, முழு வண்டியையும் மாற்றக் கோருபவர் 'உற்பத்திக் குறைபாடு' என்ற உயரமான மதிலைத் தாண்டியாக வேண்டும் என்றாகிவிட்டது.

ஆனால் கதை அங்கேயே நிற்கவில்லை. என்ஜினில் தொடர்ந்து சத்தம் வந்த ஒரு ஃபியட் காரின் உரிமையாளர் அனந்தராம் தொடுத்த வழக்கில், 2010 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஒரு நடுவழியைக் காட்டியது. சார்பற்ற தொழில்நுட்ப நிபுணர் வண்டியைச் சோதிக்கட்டும். பிறவிக் குறை இருப்பதாக அவர் கூறினால், வண்டியின் விலையும் வாழ்நாள் வரியும் வட்டியுடன் திருப்பித் தரப்பட வேண்டும் என்றது. வாழ்நாள் வரியை நீதிமன்றம் குறிப்பிட்டுச் சொன்னதைத் தமிழக வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

அடுத்து 2022 ஏப்ரலில் வந்த ஹூண்டாய் எதிர் ஷைலேந்திர பட்நாகர் தீர்ப்பு. விபத்தில் க்ரெட்டா காரின் காற்றுப்பைகள் விரியவில்லை. மோதலின் வேகமும் விசையும் பைகள் விரியும் அளவுக்கு இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுப் பார்க்க வாடிக்கையாளர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. வண்டியை மாற்றித் தரவும் இழப்பீடு தரவும் கீழே இடப்பட்ட உத்தரவு உறுதியானது. குறை கண்ணுக்கு முன்னால் தெரியும்போது ஆய்வக அறிக்கை கேட்டு வாங்கியவரை வதைக்கக் கூடாது என்ற கருத்து இத்தீர்ப்பால் வலுப்பெற்றது. 2006-க்கும் 2022-க்கும் இடையில் நீதிமன்றத்தின் பார்வை வாங்குபவர் பக்கம் கணிசமாக நகர்ந்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

ஆனால் காற்றுப்பை ஒன்று விரியும், அல்லது விரியாது. ஓடும்போது எப்போதாவது ஒருமுறை நின்றுபோகும் என்ஜின், வெயிலில் மட்டும் கோளாறு செய்யும் கியர், மழை பெய்தால் செயலிழக்கும் மின்னணுத் திரை ஆகியவை அப்படியல்ல. பணிமனைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடும். 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதித் தருவார்கள். இத்தகைய வழக்குகளில்தான் சட்டத்தின் 38-ஆவது பிரிவு குறுக்கே வருகிறது. முறையான சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், பொருளின் மாதிரியை எடுத்து முத்திரையிட்டு, உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாள்களுக்குள் அறிக்கை பெற வேண்டும் என்கிறது அது. எண்ணெய்க்கும் மசாலாத் தூளுக்கும் பொருந்தும் நடைமுறை. ஒன்றரை டன் எடையுள்ள வண்டியில் எதை மாதிரி எடுத்து எங்கே முத்திரையிடுவது?

இதைவிட உறுத்தலான இன்னொன்றும் அதே பிரிவில் உள்ளது. அந்தச் சோதனைக்கான கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தும்படி புகார்தாரரிடமே ஆணையம் கேட்கலாம். வண்டிக்கும் விலை கொடுத்து, அது பழுது என்று காட்டுவதற்கும் அவரே விலை கொடுக்க வேண்டும். புனேயிலும் மானேசரிலும் நம் ஒரகடத்திலும் வாகனங்களைச் சோதிக்கும் பெரிய மையங்கள் இருக்கின்றன. ஆனால் அவை சந்தைக்கு வரும் முன் புதிய மாதிரிகளைச் சான்றளிக்கும் பணிக்காக அமைக்கப்பட்டவை. தூத்துக்குடியிலோ தருமபுரியிலோ உள்ள ஒருவர் தன் ஒற்றை வண்டியை அங்கே இழுத்துச் சென்று அறிக்கை வாங்குவது எளிதல்ல. நடைமுறையில் உள்ளூர்ப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியரையோ மோட்டார் வாகன ஆய்வாளரையோ நிபுணராக நியமிக்கும்படி ஆணையத்திடம் கேட்பதே சாத்தியமான வழி. மனு தாக்கல் செய்யும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும். வழக்கு முற்றியபின், 'நிபுணர் அறிக்கை இல்லை' என்ற ஒற்றை வரியில் மனு தள்ளுபடியாவதைப் பார்த்து வருந்திப் பயனில்லை.

உண்மையில் ஆதாரத்தின் பெரும்பகுதி எதிர்த்தரப்பின் கையில்தான் இருக்கிறது. இன்றைய கார்களில் ஒவ்வொரு கோளாறும் வண்டியின் கணினியில் ஒரு குறியீடாகப் பதிவாகிறது. பணிமனையில் கருவியைப் பொருத்தியவுடன் அக்குறியீடுகள் தெரிந்துவிடும். எந்த நாளில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதும் நிறுவனத்தின் கணினியில் இருக்கும். உரிமையாளரின் கையில் இருப்பதோ ஒரு ரசீது. ஆவணங்களைக் கொண்டுவரச் செய்யும் விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் நுகர்வோர் ஆணையங்களுக்கும் உண்டு. பழுதுபார்ப்பு வரலாற்றையும் கோளாறுக் குறியீட்டுப் பதிவுகளையும் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு மனுவிலேயே கேட்கலாம். நிறுவனம் தர மறுத்தால், அந்த மறுப்பே வாதத்துக்குப் பயன்படும்.

இவையெல்லாம் பின்னால் வருபவை. வழக்கின் பாதித் தலைவிதி அதற்கு முன்பே, பணிமனை மேசையில், ஜாப் கார்டு எழுதப்படும் அந்த ஐந்து நிமிடங்களில் தீர்மானமாகிவிடுகிறது. 'வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் நின்றுவிட்டது' என்று உரிமையாளர் சொல்வார். 'பொதுச் சோதனை' என்று சேவை ஆலோசகர் எழுதுவார். ஆணையத்தின் முன் சாட்சி சொல்லப்போவது எழுதப்பட்டதுதான். சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொல்லி, படித்துப் பார்த்து, நகல் வாங்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. ஜாப் கார்டே போடாமல் 'ஒரு நிமிடம் பார்த்துத் தருகிறோம்' என்று செய்யப்படும் வேலைகள் கணக்கில் வராமலே போய்விடும். எட்டு முறை போயிருப்பார், ஆவணத்தில் மூன்று முறைதான் இருக்கும்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது இன்னொரு கையெழுத்து கேட்பார்கள். 'வேலை முழுத் திருப்தியளிக்கிறது' என்ற அச்சிட்ட வரிக்குக் கீழே போடும் கையெழுத்து அது. பின்னாளில் நிறுவனத்தின் எதிர்வாதத்தில் முதல் இணைப்பாக வருவது பெரும்பாலும் இந்தத் தாள்தான். 'ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்' என்று கையால் எழுதிக் கையொப்பமிட எந்தத் தடையும் இல்லை. ஒவ்வொரு முறையும் அன்று மாலையே நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல், எச்சரிக்கை விளக்கு எரியும்போது எடுத்த காணொலி, வண்டி பணிமனையில் இருந்த நாள்களின் கணக்கு, அந்நாள்களில் வாடகை வண்டிக்குச் செலவான தொகையின் ரசீதுகள் ஆகியவை சேர்ந்தால் அது ஒரு வழக்கு. இல்லையென்றால் அது வெறும் மனக்குறை.

வண்டியின் மீதே குறை சொல்ல முடியாதபடி நடந்துகொள்வதும் முக்கியம். குறித்த காலத்தில் பராமரிப்புச் செய்யாதது, வெளிக்கடையில் ஒயரிங்கை வெட்டி ஒலிபெருக்கியும் விளக்குகளும் பொருத்தியது, கலப்பட எரிபொருள் ஆகிய மூன்றும் உத்தரவாதத்தை மறுக்க நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள். எல்லா நேரத்திலும் அவை சாக்குப்போக்கு அல்ல. ஒவ்வொரு சத்தமும் உற்பத்திக் குறை ஆகிவிடாது என்று நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பணிமனைக்குப் பலமுறை போனது மட்டுமே உற்பத்திக் குறையை நிரூபிக்காது என்று தேசிய ஆணையம் பல வழக்குகளில் கூறியிருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே பழுது, அதே பாகம், அதே அறிகுறி என்ற தொடர்ச்சிதான் எண்ணிக்கைக்கு எடையைத் தருகிறது.

எங்கே புகார் செய்வது என்பதில் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், ரூ.2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். நாட்டில் விற்பனையாகும் கார்களில் மிகப் பெரும்பாலானவை மாவட்ட ஆணையத்தின் வரம்புக்குள் அடங்கிவிடும். கட்டணமும் மிகக் குறைவு: ரூ.5 லட்சம் வரை எதுவுமில்லை, ரூ.10 லட்சம் வரை ரூ.200, ரூ.20 லட்சம் வரை ரூ.400, ரூ.50 லட்சம் வரை ரூ.1,000. நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், தான் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வாங்கியவர் மனு செய்யலாம். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. வழக்குரைஞர் வைப்பது கட்டாயமல்ல. இணைய வழியாகவும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வது செலவில்லாத முதல் படி. சில நிறுவனங்கள் அந்த நிலையிலேயே இறங்கி வருகின்றன.

கவனிக்க வேண்டியது காலவரம்பு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கலாக வேண்டும். உத்தரவாதம் மூன்று ஆண்டு, புகாருக்கான காலம் இரண்டு ஆண்டு என்ற இந்தப் பொருத்தமின்மைக்குள் பலர் விழுந்துவிடுகிறார்கள். முதல் மாதமே தெரிந்த பழுதை 'அடுத்த முறை சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையில் இரண்டு ஆண்டு இழுத்துக்கொண்டு போனால், காலம் கடந்துவிட்டது என்ற வாதம் காத்திருக்கும். கடைசிப் பழுதுபார்ப்பிலிருந்து கணக்கிட வேண்டும் என்று வாதிடலாம். தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கவும் கோரலாம். ஆனால் அந்தச் சண்டைக்கே இடம் வைக்காமல் இருப்பது நல்லது.

வாடகைக் கார் ஓட்டுநர்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் அல்லர். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. மஞ்சள் எண் பலகை வைத்துத் தன் காரைத் தானே ஓட்டுபவருக்கு ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. ஐந்து வண்டிகளுக்கு ஆள் வைத்து நடத்துபவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். தனது இயக்குநர்களின் சொந்தப் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கும் காரும் தன்னளவில் வணிக நோக்கத்துக்கானது ஆகிவிடாது என்று 2024 ஜூலையில் மெர்சிடிஸ் கார்கள் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உயர் ரகக் காருக்குக் கிடைத்த அந்தத் தீர்ப்பு, வாடகைக் கார் ஓட்டுநருக்கும் மறைமுகமாக உதவக்கூடும். ஒரு நாள் வண்டி நின்றால் அவருக்கு அன்றைய வருமானமே நிற்கிறது.

யார் மீது மனு செய்வது? விற்பனை முகவர், உற்பத்தி நிறுவனம் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பதே வழி. இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டு இருவரும் நழுவிவிடுவார்கள். நிறுவனத்துக்கும் முகவருக்கும் இடையே இருப்பது முதலாளி, பிரதிநிதி உறவல்ல. வாங்கி விற்கும் உறவு என்பது நிறுவனங்களின் வழக்கமான வாதம். முகவர் பழைய மாதிரி வண்டியைப் புதிது என்று கொடுத்த வழக்கில், முகவர் செய்தது நிறுவனத்துக்குத் தெரியும் என்று காட்டப்படாததால், 2021-இல் டாடா மோட்டார்ஸை உச்சநீதிமன்றம் பொறுப்பிலிருந்து விடுவித்தது. முகவரின் முறைகேடு வேறு, தொழிற்சாலையிலேயே பிறந்த குறை வேறு. மனுவில் எது எது யாருடைய தவறு என்று பிரித்து எழுதுவது அதனால்தான் அவசியம்.

2019 சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட 'பொருள் பொறுப்பு' அத்தியாயம் பலருக்கு மயக்கம் தருகிறது. கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தாலும் உற்பத்தியாளர் பொறுப்பாவார் என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'தீங்கு' என்பதற்குத் தரப்பட்ட வரையறையில், பொருளுக்கே ஏற்படும் சேதமும் பொருளாதார இழப்பும் விலக்கப்பட்டுள்ளன. பிரேக் பிடிக்காமல் காயமடைந்தவருக்கு அந்த அத்தியாயம் உதவும். ஆறு மாதமாக ஓடாமல் நிற்கும் வண்டிக்கு உதவாது.

என்ன கேட்பது என்பதிலும் கணக்குத் தவறக் கூடாது. தமிழகத்தில் 2023 நவம்பர் முதல் ரூ.10 லட்சத்துக்கு மேல் ரூ.20 லட்சம் வரையிலான கார்களுக்கு வாழ்நாள் வரி 18 விழுக்காடு. ரூ.12 லட்சம் காருக்கு அது மட்டுமே ரூ.2.16 லட்சம். கூடவே காப்பீடு, பதிவுக் கட்டணம், கடன் வட்டி. மனுவில் 'வண்டியின் விலை' என்று மட்டும் கேட்டு வென்றவர், வென்ற பிறகும் சில லட்சங்களை இழந்தே நிற்பார். 2010 தீர்ப்பில் வாழ்நாள் வரி இடம்பெற்றதை முன்னுதாரணமாகக் காட்டி அதையும் கேட்க வேண்டும். கோபத்தில் கடன் தவணையை நிறுத்திவிடுவது தவறு. வங்கிக்கும் வண்டியின் பழுதுக்கும் சம்பந்தம் இல்லை. கடன் மதிப்பெண் சரிவதும் வண்டி பறிமுதலாவதும்தான் மிஞ்சும். வழக்கு முடியும்வரை மாற்று வண்டியோ வாடகைச் செலவோ கேட்டு இடைக்கால உத்தரவு கோரவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

சிலர் காவல் நிலையத்தின் பக்கம் திரும்புகிறார்கள். அதன் பயன் என்ன என்பதற்கு ஐதராபாத்தில் தொடங்கிய பிஎம்டபிள்யூ வழக்கைப் பார்க்கலாம். ஜிவிஆர் இந்தியா புராஜெக்ட்ஸ் என்ற நிறுவனம் 2009 செப்டம்பரில் வாங்கிய கார், சில நாள்களிலேயே கோளாறு காட்டியது. பணிமனைக்குப் போய் வந்தும் தீரவில்லை. நவம்பரில் மோசடிப் புகார் பதிவானது. 2012-இல் உயர்நீதிமன்றம் குற்ற வழக்கை ரத்து செய்து, புதிய கார் தருமாறு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நிறுவனம் தர முன்வந்தது. வாங்கியவர் கார் வேண்டாம், வட்டியுடன் பணம் வேண்டும் என்றார். விவகாரம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜூலையில், எல்லாக் கோரிக்கைகளுக்கும் முடிவாக ரூ.50 லட்சம் தருமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓர் ஆடம்பரக் காரின் கோளாறு பதினைந்து ஆண்டுகள் நீதிமன்றத்தில் கிடந்திருக்கிறது. நல்ல வழக்குரைஞர்களை அமர்த்தும் வசதி படைத்த நிறுவனத்துக்கே இந்தக் கதி. மோசடி என்றால் விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். பழுதான வண்டியை விற்பது மட்டுமே மோசடி ஆகாது.

நுகர்வோர் ஆணையங்களும் வேகத்தில் பெருமைப்படும் நிலையில் இல்லை. சோதனை தேவையில்லாத வழக்கு மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்படும் வழக்கு ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. தலைவரும் உறுப்பினர்களும் நியமிக்கப்படாமல் ஆணையங்கள் காலியாகக் கிடந்ததை 2021-இல் உச்சநீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பின் இழுத்தடிப்புக்கு ஓரளவு கடிவாளம் போடப்பட்டுள்ளது என்பது ஆறுதல். பதில் மனுவுக்கு 30 நாள், கூடுதலாக அதிகபட்சம் 15 நாள்; அதற்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று 2020 மார்ச்சில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, தர வேண்டிய தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். உத்தரவை நிறைவேற்ற மறுத்தால் சிறைத் தண்டனைக்கும் வழி உண்டு.

ஒருவரின் வண்டியில் மட்டுமல்ல, அதே மாதிரி வண்டிகள் பலவற்றிலும் இதே பழுது என்றால் வேறொரு கதவு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவு, ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ சாலையில் செல்வோருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு தரும் குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அதற்கு முன்பு, 2012 முதல், வாகன உற்பத்தியாளர் சங்கம் வகுத்த தன்னார்வ நெறிமுறை மட்டுமே இருந்தது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களின் உரிமையாளர்கள் அரசின் இணையத்தளத்தில் குறையைப் பதிவு செய்யலாம். புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் விசாரணை வரும், அபராதம் ரூ.1 கோடி வரை போகும். இந்தத் தளம் இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எண்ணிக்கை சேர்ந்தால்தான் பயன் என்றிருக்கும் ஏற்பாட்டில், தெரியாதவர்களின் மௌனம் நிறுவனத்துக்குச் சாதகமாகிவிடுகிறது.

எண்ணிக்கை சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக். 2023 செப்டம்பரிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை அந்நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர்கள் குறித்து 1915 உதவி மையத்தில் 10,644 புகார்கள் குவிந்தன. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. புகார்களில் 99.1 விழுக்காட்டைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதிலளித்தது. ஆணையம் அத்துடன் விடாமல் மேல்விசாரணைக்கு உத்தரவிட்டது. அவை கார்கள் அல்ல. ஆனால் தனித்தனியே புலம்பியவர்களின் குறைகள் ஒரே இடத்தில் எண்ணப்பட்டபோது அரசு அமைப்பு ஒன்று அசைந்தது.

ஆகவே நமக்கு வேண்டியதும் ஓர் எண்தான். புதிதாகப் பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவில் ஒரு துணைப்பிரிவு போதும். புதிய வாகனத்தில் முதல் ஓராண்டுக்குள், ஒரே குறை நான்கு முறை பழுதுபார்த்தும் தீரவில்லை என்றாலோ, பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இரண்டு முறை திரும்பினாலோ, வண்டி மொத்தம் 30 நாள்கள் பணிமனையில் நின்றாலோ, அது உற்பத்திக் குறைபாடு என்று ஊகிக்கப்பட வேண்டும். வாங்கியவரின் தவறான பயன்பாடுதான் காரணம் என்றால் அதை நிறுவனம் நிரூபிக்கட்டும். அதற்கான பொறியாளர்களும் கருவிகளும் பதிவுகளும் நிறுவனத்திடம்தான் இருக்கின்றன. சோதனைக் கட்டணத்தையும் அதுவே ஏற்கட்டும்.

இது கார் விலையை உயர்த்தும் என்ற எதிர்ப்பு எழும். இங்கே கார் விற்கும் நிறுவனங்கள் பலவும் அமெரிக்காவிலோ கொரியாவிலோ இத்தகைய சட்டங்களின் கீழேயே வணிகம் செய்து வருகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறும் வண்டிகள் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டே விற்கப்படுகின்றன. அதே வளாகத்தில் பூட்டப்பட்டு, லாரியில் ஏறி மதுரைக்கோ சேலத்துக்கோ போகும் வண்டிக்கு மட்டும், அது பழுது என்று நிரூபிக்கும் சுமை இன்னும் வாங்கியவர் தலையிலேயே இருக்கிறது.